தொடர்கதை பைண்டும் புதுப் பதிப்பும்: எந்த அளவு, எந்தக் கட்டு, எந்த அட்டை?

வைகைக்கரை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் வீட்டு மர அலமாரியில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து தொகுதிகளாக இருக்கிறது. கடையில் வாங்கியது அன்று. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் அது தொடராக வந்தபோது, என் பாட்டி வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்கியது. மணியம் வரைந்த படங்களும், அத்தியாயம் முடிந்த இடத்தில் மிஞ்சிய பத்தியில் வந்த தலைவலித் தைல விளம்பரமும், அதன் ஓரத்தில் பாட்டி பென்சிலால் எழுதி வைத்த பால் கணக்கும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம்.

இப்போது அந்தத் தாள்கள் அப்பளம்போல் நொறுங்குகின்றன. என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு கண்ணில் புரை நீக்க அறுவை செய்திருக்கிறோம், மற்றொன்று இன்னும் பாக்கி. அவர் நாவலை இன்னொரு முறை முழுவதும் படித்துவிட வேண்டும் என்கிறார். நானும் பள்ளிக்குப் போகவர நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் இருப்பதால், எனக்கும் படிக்க ஆசை. எனவே புதுப் பதிப்பு ஒன்று வாங்கலாம் என்று புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் ஒவ்வொரு அரங்கிலும் ஒரு பதிப்பு அடுக்கியிருந்தது. ஐந்தையும் ஒன்றாக்கி அம்மிக்கல் கனத்தில் ஒரு கெட்டி அட்டைத் தொகுதி, பெட்டிக்குள் ஐந்து மெல்லட்டை நூல்கள், மிகக் குறைந்த விலையில் பொடி எழுத்துப் பதிப்பு, படங்களோடு ஒன்று, படங்களே இல்லாமல் ஒன்று. அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு சுண்டல் பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எனக்கென்று சில விருப்பங்கள் உண்டு. கையடக்கமான கிரவுன் அளவு பிடிக்கும். விளக்கொளி பட்டால் பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் அட்டை பிடிக்காது. மேட் அட்டையைத் தடவிப் பார்க்கப் பிடிக்கும். அட்டையில் மனித முகம் பெரிதாக இருந்தால் எனக்கு அந்தப் பாத்திரத்தைக் கற்பனை செய்ய முடியாமல் போகிறது. இவையெல்லாம் காரணமுள்ள விருப்பங்களா, வெறும் பழக்கமா என்று தெரியவில்லை. நீங்கள் ஒரு நூலின் பல பதிப்புகளுக்கு நடுவே எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கெட்டி அட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா? அம்மாவுக்கும் எனக்கும் ஒரே பதிப்பு பொருந்துமா? அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.


அச்சுக்கோப்பான்:

வணக்கம், அம்மா. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அச்சகத்தில் சேர்ந்து, பிறகு ஆஃப்செட் வந்ததும் பைண்டிங் பகுதிக்கு மாறி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் புத்தகங்களின் உள்பக்கத்தைவிட முதுகையே அதிகம் பார்த்தவன் நான். ஆகவே அட்டைப் படத்தைப் பற்றிய பேச்சை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, கட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கெட்டி அட்டை என்றால் உறுதி என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அச்சிட்டு மடித்தால் கிடைக்கும் பதினாறு பக்கக் கொத்தை நாங்கள் ஃபாரம் என்போம். அந்த ஃபாரங்களை ஒவ்வொன்றாக மடிப்பின் வழியே நூலால் தைத்து ஒன்றோடொன்று பிணைத்தால் அது தையல் கட்டு. அப்படித் தைக்காமல், அடுக்கிய ஃபாரங்களின் முதுகைச் சீவிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையில் தோய்த்து அட்டையை ஒட்டினால் அது பர்ஃபெக்ட் பைண்டிங். பெயர்தான் பர்ஃபெக்ட். பசை நாளடைவில் இறுகி வெடிக்கும். நடுவில் ஒருமுறை நன்றாக விரித்துவிட்டால் அந்த இடத்திலிருந்து பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். பசை போட்ட இதே கட்டின் மேல் கெட்டி அட்டையைப் போர்த்தி விற்பதும் நடக்கிறது. முதுகின் மேல்முனையில் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் துணிப்பட்டையைப் பார்த்துத் தையல் என்று எண்ணிவிட வேண்டாம். இப்போது அது பெரும்பாலும் ஒட்டப்படும் அலங்காரம் மட்டுமே.

கண்காட்சியில் நின்றபடியே சோதிக்கலாம். புத்தகத்தைச் செங்குத்தாகப் பிடித்து, முதுகின் மேல்முனையைக் கூர்ந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு வளைவுகளாக, மடித்த கொத்துகளாகத் தெரிந்தால் தையலாக இருக்க வாய்ப்பு அதிகம். சீட்டுக்கட்டுபோல் தனித்தனித் தாள்களாக நேர்கோட்டில் நின்றால் பசை. சந்தேகமிருந்தால் ஒரு கொத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள், நூல் கண்ணில் படும். தையல் கட்டாக இருந்தால் மெல்லட்டையே போதும். தையல் இல்லாத கெட்டி அட்டைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது எடை. இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். தமிழில் நாவல்கள் அதிகம் வரும் டெமி அளவில் ஒரு தாள் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 70 கிராம். ஆகவே ஒரு தாள் 2.1 கிராம். நீங்கள் சொல்லும் நாவல் 2,000 பக்கங்களைத் தாண்டும். பக்கக் கணக்கை 2,000 என்றே வைத்துக்கொண்டாலும் 1,000 தாள்கள், 2.1 கிலோ. கெட்டி அட்டையையும் சேர்த்தால் இரண்டரை கிலோவை நெருங்கும், தடிமன் ஒன்பது சென்டிமீட்டர் ஆகும். இந்த எடையையும் தடிமனையும் கட்டுப்படுத்தத்தான் ஒரே தொகுதியாக வெளியிடுபவர்கள் அளவைப் பெரிதாக்குகிறார்கள், அல்லது எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள், அல்லது மறுபக்க எழுத்து தெரியும் அளவுக்குத் தாளை மெலிதாக்குகிறார்கள். எழுபத்திரண்டு வயதில் மடியில் வைத்துப் படிக்கும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் நல்லதில்லை. அதுவே ஐந்து நூல்களாக இருந்தால் ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குள் அடங்கும்.

தாளின் நிறத்தையும் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை மேப்லித்தோவைவிட, இளம் பழுப்பாக இருக்கும் நேச்சுரல் ஷேடு தாள் கண்ணைக் கூசச் செய்யாது. தாளுக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு என்பது வாசகர்கள் பலருக்குத் தெரியாது. நார் முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் படிந்து கிடக்கும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் அலையலையாக நெளியும். திறந்து வைத்த புத்தகம் கையை எடுத்ததும் படாரென்று மூடிக்கொண்டால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

உங்கள் பாட்டியின் தொகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வார இதழ்கள் மரக்கூழைப் பெரிதும் சுத்திகரிக்காமல் செய்த மலிவுத் தாளில் வந்தவை. அதில் தங்கிவிட்ட லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுத்து, அமிலம் ஊறி, நார் அறுந்து நொறுங்குகிறது. தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். ஒரு சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகக் கசிந்து எழுத்தையும் கெடுத்துவிடும்.


முதுகு பார்ப்பவன்:

ஐயா கட்டைச் சொல்லிவிட்டார். நான் அட்டைக்கு வருகிறேன், அதுவும் சற்றுக் கோபத்தோடு. நம் பதிப்பாளர்கள் பலர் முன்னட்டைக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட முதுகுக்குக் காட்டுவதில்லை. முன்னட்டை நமக்குத் தெரிவது கடையில் ஒரு நாளும் படிக்கும் சில நாட்களும்தான். அதன்பின் இருபது ஆண்டுகள் அலமாரியில் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது முதுகு. ஆனால் தமிழ் நூல்களில் ஒன்றின் முதுகெழுத்து மேலிருந்து கீழாக ஓடுகிறது, அடுத்ததில் கீழிருந்து மேலாக ஓடுகிறது. ஒரே பதிப்பகத்தின் நூல்களிலேயே இரண்டு விதமும் என்னிடம் உண்டு. அலமாரி முன் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே தேடுவதைப் பார்த்து என் மனைவி இவருக்குச் சாமி வந்துவிட்டது என்பார். மேலிருந்து கீழாக எழுதினால், மேசையில் முன்னட்டை மேலே தெரியும்படி புத்தகத்தைக் கிடத்தும்போதும் முதுகைப் படிக்க முடியும் என்பது என் கட்சி. தொகுதி நூல்களில் பாகத்தின் எண் முதுகில் பெரிதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அட்டை வடிவமைப்பில் என் முதல் விருப்பம் கையெழுத்துப் பாணியில் வரைந்த தலைப்பு. ஓவியர் ஆதிமூலம் நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு தூரிகைக் கீற்றில் ‘ழ’ முடிகிற இடமே படமாகிவிடும். தனியாகப் படம் வேண்டியதில்லை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் நூல்களில் வெற்றிடத்தையும் வடிவமைப்பின் பகுதியாகக் கருதும் துணிவு இருந்தது. அதற்கும் முன்னால், 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் என்ற பதிப்பகத்தின் வெளியீடுகளைப் பழைய புத்தகக் கடையில் யாராவது எடுத்துக் கொடுத்தால் விலை கேட்காமல் வாங்கிவிடுவேன். இன்றைய அட்டைகளில் என்னை உறுத்துவது, இணையத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தின் மேல், கணினியில் எல்லோரிடமும் இருக்கும் அதே நான்கு எழுத்துருக்களில் ஒன்றைப் போட்டு, நிழல் கொடுத்து, விளிம்பு கொடுத்து நிறுத்திவிடுவது. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு வரைந்த அட்டைகளும் வருகின்றன. சோழ இளவரசிக்கு ஆறு விரல் இருந்ததை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அட்டையில் பெரிய முகம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். திரைப்படமான நாவல்களுக்கு நடிகர்களின் முகத்தையே அட்டையில் போடும் வழக்கமும் இருக்கிறது. படம் ஓடி முடிந்ததும் அந்த அட்டை பழைய சுவரொட்டியாகிவிடுகிறது. ஆனால் ‘பொன்னியின் செல்வ’னில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகம் வேண்டாம் என்கிறீர்கள், மணியத்தின் படங்கள் வேண்டும் என்கிறீர்கள். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்ததே மணியம்தானே. உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு அந்த முகம் கற்பனையைத் தடுக்கவில்லை, அதுவே கற்பனையாகிவிட்டது. ஆகவே அவருக்கு வாங்குவதென்றால் படங்கள் உள்ள பதிப்பையே வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு படத்தை உற்றுப் பார்த்துவிடுங்கள். பழைய இதழிலிருந்து நகலெடுத்து, கோடுகள் கரி அப்பியதுபோல் கலங்கிய படங்களோடு வரும் பதிப்புகளும் உண்டு.


பயணப்பை:

நான் மேலே உள்ள இருவருக்கும் எதிர்க்கட்சி. புத்தகம் என்பது படிக்கப்பட வேண்டிய பொருள். பேருந்து நிலையக் கடையில் மாத நாவல்களைச் சரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் இரண்டு பின் அடித்த, மலிவுத் தாளில் அச்சான அந்த நாவல்களில் ஒன்றை வாங்கி, ஊர் வந்து சேர்வதற்குள் படித்து முடித்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிய தலைமுறை நான். அட்டையில் ஜெயராஜ் வரைந்த படம் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

இந்த நாவலின் ஒற்றைத் தொகுதிக் கெட்டி அட்டைப் பதிப்பு எனக்குப் பரிசாக வந்தது. பையில் வைத்தால் சாப்பாட்டுப் பெட்டிக்கு இடமில்லை. நேரே ஒரு பைண்டரிடம் கொண்டுபோய், பாகம் பாகமாகப் பிரித்து ஐந்தாகக் கட்டித் தரச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார். சாம்பல் நிறக் காலிகோ துணி முதுகு, மேலே பழைய கணக்குப் பேரேட்டில் ஒட்டுவார்களே, அந்த மார்பிள் காகிதம். அட்டை வடிவமைப்பு என்று எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ள நூல்களில் நான் அதிகம் கையிலெடுத்தது அதுதான். நூலகத்திலும் இதையே பார்த்து வளர்ந்தோம் அல்லவா? கிளை நூலகத்தில் பைண்டு போட்டுப் போட்டு மூல அட்டை எப்படி இருந்தது என்றே தெரியாமல் எத்தனை நாவல்களைப் படித்திருக்கிறோம்!


வலிகாமத்தான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பயணப்பை அவர்களின் கருத்து எனக்கு நெருக்கமானதாயினும் எங்கள் காரணம் வேறு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கு அச்சுத்தாள் கிடைப்பது அரிதாயிருந்தது. நாளிதழ்களும் சிறு சஞ்சிகைகளும் மாணவர்களின் அப்பியாசக் கொப்பிக்கான கோடிட்ட தாளிலேயே அச்சாகி வந்தன. நீலக் கோடுகளின் மேல் கறுப்பு எழுத்து, கோட்டுக்கும் வரிக்கும் பொருத்தமின்றி ஏறி இறங்கிச் செல்லும். அட்டையும் அதே தாள்தான். இன்று அவ்விதழ் ஒன்றைக் கையிலெடுக்கும்போது எந்த ஆண்டு என்று பார்க்கத் தேவையில்லை, தாளே சொல்லிவிடும். அழகான வடிவமைப்பு எது என்று என்னிடம் கேட்டால் நான் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவிலிருந்து நூல்களைத் தருவிக்கும் எங்களுக்கு எடை என்பது நேரடியாகப் பணம். நூலின் விலையைத் தபாற்செலவு தாண்டிவிடுவதும் உண்டு. ஆகவே மெல்லட்டைப் பதிப்பு இருக்கும்போது கெட்டி அட்டையை நான் வாங்கியதில்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களைத் தேடுபவர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கு நூலின் முன்னட்டையும் சேர்த்தே வருடி (ஸ்கேன் செய்து) வைக்கிறார்கள். பல நூல்களின் அட்டையை நான் முதன்முதலாகத் திரையில்தான் கண்டேன். என்னிடம் இருந்த படிகளில் அட்டை எப்போதோ போய்விட்டிருந்தது. தங்கள் பாட்டியாரின் தொகுதிகளையும் விளம்பரங்களும் பென்சிற் குறிப்புகளும் விடுபடாமல் முழுப் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். நாவலைப் பலர் பதிப்பிப்பார்கள். அந்தப் பால் கணக்கை ஒருவரும் பதிப்பிக்கப் போவதில்லை.


இரண்டாம் கண்ணாடி:

ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். வயது உங்கள் அம்மாவை ஒட்டியது. எனக்கும் இரண்டு கண்களிலும் அறுவை ஆகிவிட்டது. எனவே கண்ணிலிருந்து பேசுகிறேன்.

புரை நீக்கிய பிறகு எனக்கு வெள்ளைத் தாள் கூசியது, சிறிய எழுத்து நடுங்கியது. மகள் மின்னூல் படிக்கும் கிண்டில் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அந்த இயந்திரம் 2007இல் வந்தபோதே வெளிநாட்டில் பார்த்தவன்தான். ஆனால் அமேசான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை அதில் விற்கத் தொடங்கியது 2016இன் இறுதியில்தான். சுமார் 200 கிராம் எடை. எழுத்தை எனக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்கிறேன். மின்தாள் திரை கைபேசித் திரைபோல் கண்ணில் அடிப்பதில்லை. இரவில் தூக்கம் வராத நேரத்தில் விளக்கைப் போட்டு வீட்டாரை எழுப்பாமல் படிக்க முடிகிறது. இந்த நாவலையே, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு நம்மைப் போன்றவர்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூல்களை வருடி எடுத்த பிடிஎஃப் கோப்புகள் சிறிய திரையில் பயன்படா. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தைப் பெரிதாக்கும்போது தமிழின் நீளமான சொற்கள் வரியில் அடங்காமல், சொற்களுக்கிடையே ஆற்று மணல் திட்டுபோல் வெற்றிடம் விழும். அட்டை என்பது கருப்பு வெள்ளையில் ஒரு நொடி தோன்றி மறைகிற ஒன்று. என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. காகிதப் புத்தகத்தில் ஒரு காட்சியைத் திரும்பத் தேடும்போது, அது இடப்பக்கத்தில் கீழே இருந்தது, புத்தகத்தில் முக்கால் தூரத்தில் இருந்தது என்று கை நினைவு வைத்திருக்கும். கிண்டிலில் எனக்கு அந்த நினைவு வருவதில்லை. நூற்றுக்கு இத்தனை விழுக்காடு படித்திருக்கிறீர்கள் என்று அது அறிவிக்கிறது, நான் வங்கியில் கடன் வசூலைப் பார்த்ததுபோல் பார்க்கிறேன்.

அட்டையைப் பற்றியே பேசுகிறோம்; உள்பக்கமும் வடிவமைப்புதான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ் எழுத்துக்கு மேலே ‘கீ’யின் கொக்கியும் கீழே ‘கூ’வின் வாலும் இருப்பதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடம் விட வேண்டும். பக்கத்தை மிச்சப்படுத்த அந்த இடத்தைச் சுருக்கிய பதிப்பில், எழுத்து பெரிதாக இருந்தும் படிக்க முடியாது. 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் சங்க இலக்கியங்களைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, மலிவு விலையில் வெளியிட்டார். அந்த நூல்களின் அட்டை எனக்குத் துளியும் நினைவில்லை. ஆனால் தமிழாசிரியர் துணையில்லாமல் புறநானூற்றை நான் முதன்முதலாகப் படித்துப் புரிந்துகொண்டது அந்தப் பக்கங்களில்தான். கடையில் நிற்கும்போது அட்டையைப் பார்த்த பிறகு, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கையை முழுவதும் நீட்டிப் பிடித்துப் பத்து வரிகள் படியுங்கள். உங்களால் முடிந்தால், உங்கள் அம்மாவாலும் மடியில் வைத்துப் படிக்க முடியும்.


முதுகு பார்ப்பவன்:

இரண்டாம் கண்ணாடி அவர்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நான் முதுகையும் முன்னட்டையையும் பார்த்து வாங்கி, உள்ளே வரி நெருக்கத்தால் படிக்க முடியாமல் வைத்திருக்கும் நூல்கள் ஏழெட்டாவது இருக்கும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பைண்டைப் புது வாசகர்களுக்குக் கொடுப்பதில் எழுத்து வடிவமும் குறுக்கே நிற்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன்பு அச்சானவற்றில் ‘லை’, ‘னை’ போன்றவை துதிக்கையுள்ள பழைய வடிவத்தில் இருக்கும். என் மகன் ஒவ்வொரு ‘யானை’யிலும் தடுக்கி விழுகிறான்.


வைகைக்கரை வாசகி:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி நான் முதுகின் மேல்முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்ததில் கடைக்காரருக்கு என்னைப் பற்றிச் சந்தேகமே வந்துவிட்டது. மூன்று பதிப்புகளில் இரண்டு பசை, ஒன்று தையல். தையலான பதிப்பு ஐந்து மெல்லட்டை நூல்கள், டெமி அளவு, இளம் பழுப்புத் தாள், உள்ளே மணியத்தின் படங்கள் ஓரளவு தெளிவாகவே இருந்தன. நான் விரும்பிய கிரவுன் அளவில் எழுத்து அம்மாவுக்குப் போதவில்லை. கையை நீட்டிப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. அட்டை நான் வெறுக்கும் அதே கிளாஸ் லேமினேஷன், மேலே ஒரு பெரிய முகம். அம்மா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது யாருடி, பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான்?” என்றார். வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் ஐந்துக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிட்டேன், பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் போடுவதுபோல. முதுகில் மேலிருந்து கீழாக நானே தலைப்பெழுதி, பாக எண்ணைப் பெரிதாகப் போட்டேன். பேருந்துக்கு இரண்டாம் பாகம், அம்மாவுக்கு முதல் பாகம் என்று இப்போது ஒரே நேரத்தில் இருவரும் படிக்கிறோம். கதை எனக்கு முன்பே தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு நடக்கிறது.

பாட்டியின் தொகுதிகளைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டேன். அதில் ஒரு சிரமம். பைண்டர் அந்தக் காலத்தில் தாள்களை ஓரத்தில் துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்திருப்பதால் உள்விளிம்பு வரை திறக்க முடியவில்லை, திறந்தால் முறிகிறது. தையலைப் பிரித்துவிடலாமா?


அச்சுக்கோப்பான்:

பிரிக்க வேண்டாம், அம்மா. பக்கத் தையலைப் பிரித்தால் துளையிட்ட ஓரம் முழுவதும் பொடியாகி, ஒவ்வொரு தாளும் தனித்தனியாகிவிடும். பிறகு மீண்டும் கட்ட ஓரம் இருக்காது. புத்தகத்தை முழுவதும் விரிக்காமல், ஒரு பக்கத்தை மேசையில் படிய வைத்து, மற்றப் பாதியைத் தலையணையில் சாய்த்துச் செங்கோணத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் திறந்து, ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை எடுத்தால் வேலை பாதியாகும். ஓரத்தில் ஓரிரு எழுத்து மறைந்தால் பரவாயில்லை, கதை புதுப் பதிப்பில் இருக்கிறது. அட்டையில் பூச்சி அரித்த தடம் இருந்தால் மட்டும் பைண்டரிடம் கொண்டுபோங்கள். மைதாப் பசையில் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் கலந்துதான் ஒட்டுகிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பக்கங்களின் விளிம்பைச் சமமாக்குகிறேன் என்று கட்டிங் இயந்திரத்தில் வைக்க வந்தால் மட்டும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். பால் கணக்கு ஓரத்தில்தானே இருக்கிறது.